ஒரு சொல்லும் பல சட்டிகளும்

மொழி ஒன்றாயிருப்பினும் உலை ஒன்றாயிருப்பதில்லை. ஒரு மொழியைப் பேசும் மக்கள் கடல் கடந்து செல்லும்போது தம் சொற்களையும் உடன் கொண்டு செல்கின்றனர். ஆனால், சென்ற இடத்து மண் தருவதையே அவர்கள் உண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய சொல் புதிய உணவுக்குப் பெயராகிறது. இவ்வுண்மையை உணர, நம் ஊர் உணவு விடுதிகளிலும் இன்று வழங்கும் 'கிரேவி' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

அரசனின் அடுக்களை

இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர்கள் ஏறத்தாழ 1390இல் தொகுத்த சமையல் நூலில் கிரேவி இடம் பெறுகிறது. பழைய பிரெஞ்சில் 'கிரானே' என்றிருந்த சொல், கையெழுத்துப் படிகளில் ஓர் எழுத்து பிறழப் படிக்கப்பட்டதால் இவ்வடிவம் பெற்றிருக்கலாம் என்பது மொழி வல்லுநர் கருத்து. அந்நாளைய கிரேவி, அரைத்த வாதுமைப் பருப்பை இறைச்சி வெந்த சாற்றில் கரைத்து, சர்க்கரையும் இஞ்சித் தூளும் சேர்த்துச் செய்யப்பட்டது. முயல் இறைச்சி அதில் இடப்பட்டது. சிப்பிக்கும் இது போன்றதொரு கிரேவி இருந்தது. தவக்காலத்தில் இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கப்பட்டிருந்த அக்காலத்தில், பாலுக்கு ஈடாக வாதுமைப் பாலே கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குக் கைகொடுத்தது. நம் குருமாவை நினைவூட்டும் அந்தக் குழம்பை, இன்றைய ஆங்கிலேயர் கிரேவி என்று ஏற்றுக்கொள்வது அரிது.

ஏனெனில், 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அச்சொல்லின் பொருள் மாறத் தொடங்கிவிட்டது. இறைச்சியைத் தீயில் வாட்டும்போது சொட்டும் சாறே கிரேவி எனப்பட்டது. பின்னர் அச்சாற்றை மாவிட்டுக் கெட்டியாக்கினர். ஞாயிறு நண்பகல் உணவில் சுட்ட மாட்டிறைச்சியின்மேல் ஊற்றப்படும் பழுப்பு நிறக் கிரேவி ஆங்கிலேய இல்லங்களின் அடையாளமாயிற்று. வட இங்கிலாந்தில் மாவு, முட்டை, பால் கலந்து சுடப்படும் 'யார்க்ஷயர் புட்டிங்' என்ற பண்டம் உண்டு. புட்டிங் என்றதும் நாம் இனிப்பை எண்ணுவோம், இதுவோ இனிப்பற்றது. இதைக் கிரேவியில் தோய்த்து முதலில் பரிமாறுவது ஏழைக் குடும்பங்களின் வழக்கம். பசி சற்று அடங்கிய பின் வரும் சிறு இறைச்சித் துண்டு எல்லாருக்கும் போதுமானதாயிற்று. 1908இல் 'பிஸ்டோ' என்ற கிரேவித் தூள் விற்பனைக்கு வந்தபின், இறைச்சி குறைந்த வீட்டிலும் கிரேவி குறையவில்லை.

கடலுக்கு அப்பால்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் 'பிஸ்கட்டும் கிரேவியும்' காலை உணவு. இதைக் கேட்கும் ஆங்கிலேயர் திகைப்பர். இலத்தீனில் 'இருமுறை சுட்டது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பிஸ்கட், இங்கிலாந்தில் மொறுமொறுப்பான பண்டம். அமெரிக்காவிலோ அது ஒருமுறையே சுடப்படும் மெத்தென்ற சிறு ரொட்டி. அதன்மேல் ஊற்றப்படும் கிரேவியின் நிறம் வெண்மை. பன்றி இறைச்சி வதக்கிய கொழுப்பில் மாவை வறுத்து, பாலூற்றி, மிளகுத் தூள் தூவி அதைச் செய்கின்றனர். மரம் அறுக்கும் ஆலையின் பெயராலும் அது வழங்குவது, யாருடைய பசியை அது ஆற்றியது என்பதற்குச் சான்று. அதே பகுதியில், உப்பிட்ட பன்றித் தொடையிறைச்சியை வதக்கிய சட்டியில் கடுங்காப்பியை ஊற்றி எடுப்பதும் ஒரு கிரேவியே.

மற்றொரு வரலாறு நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. 1880க்கும் 1920க்கும் இடையே ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழைக் கத்தோலிக்கர். அவர்களுக்குத் துணைநிற்க 1889இல் நியூயார்க் வந்து சேர்ந்தவரே, 1946இல் புனிதராக உயர்த்தப்பட்ட அன்னை கப்ரினி. இத்தாலியர்கள் தக்காளியில் இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்துச் செய்யும் ஞாயிறு உணவுக்கு அவர்கள் தாய்மொழியில் 'சூகோ', அதாவது சாறு, என்று பெயர். புதிய நாட்டில் அதை எப்படி அழைப்பது? சிலர் 'சாஸ்' என்றனர். நியூ ஜெர்சி, பிலடெல்பியா பகுதிகளில் பலர் 'கிரேவி' என்றனர். எது சரி என்ற வழக்கு இன்றும் அவர்களிடையே ஓயவில்லை. தாய்மொழியை மறந்துவிட்ட பேரப்பிள்ளைகளுக்கும் அந்தச் செந்நிறக் கிரேவியே பாட்டியின் வீடு. ஞாயிற்றுத் திருப்பலிக்குப் பின் உறவினர் கூடிய மேசை.

நம் நாட்டு ஆங்கிலத்தில் கிரேவிக்கு இறைச்சியே வேண்டியதில்லை. காளானும் பன்னீரும் போதும். நாம் கொடுத்த சொல்லும் இவ்வாறே மாறியது. லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதில் ஏறிய 'கறி', ஆங்கிலேயர் நாவில் குழம்பு வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. நம்மிடையேயும், ஒரு வீட்டில் கறி என்றால் ஆட்டிறைச்சி; மறு வீட்டில் வாழைக்காய்.

சரியானது எது?

சொற்கள் பொருள் மாறுவதை மறந்தால் மறைநூலையும் பிறழப் படிப்போம். 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் லேவியர் நூல் 'மீட்' காணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால், அக்காணிக்கையில் இருப்பவை மாவும் எண்ணெயும் சாம்பிராணியுமே. அன்று 'மீட்' என்பது உணவு அனைத்தையும் குறித்தது.

திருச்சபையும் உணவின் பொருட்டு வழக்காடியதுண்டு. நற்கருணைக்குப் புளித்த அப்பமா, புளிப்பற்ற அப்பமா என்பது, 1054இல் கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிரிந்த வேளையில் எழுந்த பூசல்களுள் ஒன்று. பிறர் அப்பத்தை அப்பமே இல்லையென்று சொல்லுமளவுக்குச் சினம் மூண்டது. 1439இல் ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம், இருவகைக் கோதுமை அப்பத்திலும் ஆண்டவரின் உடல் உண்மையாகவே உண்டு எனவும், குருக்கள் தத்தம் திருச்சபை வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும் எனவும் அறிக்கையிட்டது. பிளவு ஆறவில்லையாயினும் அந்தத் தெளிவு நமக்கு நிலைத்த செல்வம்.

பிறர் சட்டியில் இருப்பதை நம் சொல்லால் அளந்து இகழ்வது எளிது. பிறர் மொழியை, சாதியை, ஊரை இகழ்வதும் பெரும்பாலும் அவர்கள் உண்பதை இகழ்வதிலிருந்தே தொடங்குகிறது. யார்க்ஷயர் தொழிலாளியின் வீட்டிலும், மரம் அறுப்போர் குடிலிலும், நியூ ஜெர்சியின் இத்தாலியப் பாட்டியிடத்திலும் நிறம் வேறு, சுவை வேறு. செய்த பணியோ ஒன்றே: கொஞ்சம் இறைச்சியின் சுவை, மேசையைச் சுற்றியிருந்த அனைவருக்கும் சென்று சேர்ந்தது. ஒருவர் பசித்திருக்க மற்றவர் நிறைவுற உண்டதைக் கொரிந்து சபையில் கண்டு பவுலடியார் கடிந்துகொண்டார். அங்கே அவர் கேட்டது உணவின் பெயரையன்று. அது எல்லாருக்கும் கிடைத்ததா என்பதையே.