வீட்டு மேசையில் உருவான 15 வாற்று

1947 ஏப்ரல் மாதம் இலண்டனிலிருந்து வெளிவந்த 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரையின் முதற்பகுதி பிரசுரமாகியது. எஞ்சிய பகுதி மே மாத இதழில் வந்தது. எழுதியவர் டி.ரி.என். வில்லியம்சன் என்ற 24 வயது ஸ்கொட்லாந்து இளைஞர். உயர்தர அம்பிளிபயர் ஒன்றுக்கான வடிவமைப்பு என்பதற்கு மேல் தலைப்பில் ஆரவாரம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அந்த இரு இதழ்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் எண்ணற்றோர் தத்தம் வீட்டு மேசைகளில் பற்றாசுக்கோலும் கையுமாக அமர்ந்தனர். வீட்டில் நல்ல இசை கேட்பது என்ற விடயத்தின் வரலாறு, பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களைவிட இந்த மேசைகளுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது எனது கருத்து.

எமது பாடநூல்கள் அம்பிளிபயரை 'விரியலாக்கி' என்று அழைக்கின்றன. கடைத்தெருவில் அச்சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்காது. ஆகையால் இங்கு அம்பிளிபயர் என்றே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து நிலைமையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வானொலிப் பெட்டிகளும் கிராமபோன்களும் வீடுகளில் இருந்தனவெனினும், அவை தந்தது மங்கிய, மூக்கடைத்த ஒலியையே. மறுபுறத்தில், டெக்கா இசைத்தட்டு நிறுவனம் யுத்தகாலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சிக்கென வளர்த்தெடுத்த ஒலிப்பதிவு முறையை இசைத்தட்டுகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. அதாவது, தட்டில் இசை முழுமையாக இருந்தது. அதை வெளியே கொண்டுவரும் கருவிதான் சாதாரண மனிதனின் வீட்டில் இருக்கவில்லை. ராடர், வானொலிப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பியிருந்தனர். இராணுவம் கழித்துவிட்ட வால்வுகளும் கொள்ளளவிகளும் மலிவு விலையில் கடைகளில் குவிந்து கிடந்தன. நியூயோர்க்கில் இத்தகைய கடைகள் நிறைந்திருந்த கோர்ட்லண்ட் வீதிப் பகுதிக்கு 'ரேடியோ றோ' என்றே பெயர். பிற்காலத்தில் அதை இடித்துத்தான் உலக வர்த்தக மையம் கட்டப்பட்டது.

வில்லியம்சன் யுத்தகாலத்தில் மார்க்கோனி-ஒஸ்ராம் வால்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்நிறுவனத்தின் கே.ரி.66 வால்வுகள் இரண்டைக் கடைசிக் கட்டத்தில் வைத்து 15 வாற்று வலு பெற்றார். 15 வாற்று பெரிய கணக்கல்ல. ஆனால் ஒலியில் ஏற்படும் திரிபு நூற்றுக்கு 0.1 வீதத்தைத் தாண்டவில்லை என்பதுதான் அன்றைய வாசகர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இதைச் சாத்தியமாக்கிய தத்துவம் அவருடையதன்று. 1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி காலை, பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, கையிலிருந்த 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் பக்கத்தில் அதைக் குறித்து வைத்தார். (பத்திரிகைக்காரன் என்ற வகையில் இந்த இடத்தில் எனக்குச் சிறிது பெருமை.) வெளிவரும் ஒலியின் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புவது என்பதே அந்த யோசனை. அப்படிச் செய்யும்போது அம்பிளிபயர் தன்பாட்டில் சேர்த்த கறை தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. அதற்கு விலையாக, பெருக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்க வேண்டும். பெருக்குவதற்கென்றே செய்த கருவியின் ஆற்றலை வேண்டுமென்று குறைப்பதா என்று பலரும் நம்ப மறுத்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டு 1937 டிசம்பரில்தான் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

வில்லியம்சன் இந்த எதிர்ப் பின்னூட்டத்தை ஒரு கட்டத்துக்கு மட்டும் கொடுக்காமல், வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் இரண்டாம் சுருளிலிருந்து எடுத்து முதல் வால்வுக்கே கொண்டுவந்தார். முழு அம்பிளிபயரும், ட்ரான்ஸ்போமரும், அந்த வளையத்துக்குள் அடங்கிவிட்டன. அதன் அளவு 20 டெசிபெல். அதாவது பெருக்கம் பத்தில் ஒன்றாகக் குறைய, திரிபும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தது.

வீட்டில் செய்ய முற்பட்டவர்களுக்குச் சோதனை காத்திருந்ததும் இங்கேதான். மிகத் தாழ்ந்த மீடிறனிலும் மிக உயர்ந்த மீடிறனிலும் ட்ரான்ஸ்போமர் ஒலியைச் சிறிது முன்பின்னாகத் தள்ளுகிறது. அது அளவு மீறினால், எதிராகச் செல்ல வேண்டிய பின்னூட்டம் ஆதரவாக மாறிவிடும். அப்போது அம்பிளிபயர் யாரும் பாடாமலே தானாகப் பாடத் தொடங்கும். ஸ்பீக்கரிலிருந்து மோட்டார்ப் படகு செல்வதைப் போலப் 'பொட் பொட்' என்று ஓசை வரும். அல்லது காதுக்கு எட்டாத மீடிறனில் அலைந்து, காரணம் விளங்காமலே வால்வுகள் சூடேறும். இதைத் தவிர்க்க வில்லியம்சன் ட்ரான்ஸ்போமரின் சுருள் விபரம் முழுவதையும் கட்டுரையிலேயே தந்தார். முதற்சுருள் 10 பிரிவுகள், பிரிவொன்றுக்கு 440 சுற்றுகள், மொத்தம் 4400. அவற்றின் இடையிடையே இரண்டாம் சுருளின் பிரிவுகள். பொறுமை இருந்தால் கையாலேயே சுற்றலாம். பொறுமையோ பணமோ இல்லாதவர்கள் கையில் கிடைத்த மலிவான ட்ரான்ஸ்போமரைப் பொருத்தினர். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தும் அது வேலை செய்யவில்லை. பின்னர் கட்டுரையாளர் மீது பழி.

இன்னுமோர் ஆபத்தும் இருந்தது. அந்தச் சுற்றில் ஓடியது 450 வோல்ற்று. மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் அது சற்று நேரம் தங்கியிருக்கும். குடும்பத்தினர் உறங்கிய பின் தனியாக மேசையில் குனிந்திருந்த எத்தனை பேருக்கு அது கையை உதறவைத்த அதிர்ச்சியைத் தந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

சஞ்சிகைக்கு வந்த வினாக்கள் ஓயவில்லை. 1949இல் வில்லியம்சன் திருத்திய வடிவத்தையும், இசைத்தட்டு வாசிப்புக்கான துணைச் சுற்றுகளையும் எழுதினார். 1952இல் எல்லாக் கட்டுரைகளும் ஒரே சிறு நூலாகத் தொகுக்கப்பட்டன. அமெரிக்காவில் இந்தச் சுற்றின் வழிவந்த அம்பிளிபயர்கள், பாகங்களைப் பெட்டியில் அடுக்கி, படிப்படியான செய்முறையுடன் விற்கப்பட்டன. ஹீத்கிட் நிறுவனம் அவ்வாறு விற்றவற்றுள் முக்கியமானது. 1951இல் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோசும் கடைசிக் கட்ட வால்வுகளை இணைக்கும் முறையை மாற்றி அதிக வலு பெறும் வழியை வெளியிட்டனர். அதே ஹாஃப்லர் பின்னர் டைனாக்கோவைத் தொடங்கி, 1959இல் 'ஸ்டீரியோ 70' என்பதைப் பாகப்பெட்டியாகவும் விற்றார். ஒரு சஞ்சிகைக் கட்டுரையிலிருந்து பெரும் வணிகமொன்று கிளைத்தது.

இதே 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில்தான் 1945 ஒக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க், பூமியைச் சுற்றும் செய்மதிகள் மூலம் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்று எழுதியிருந்தார். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்பதால் அவர் எமக்கு அந்நியரல்லர். அதற்குக் காப்புரிமை பெறாமல் கோடிக்கணக்கில் இழந்ததாகப் பின்னாளில் அவரே வேடிக்கையாக எழுதினார். பதினெட்டு மாத இடைவெளியில் வந்த இவ்விரு கட்டுரைகளையும் ஒரே சஞ்சிகை சில பென்ஸ் காசுக்கு எவருக்கும் கொடுத்துவிட்டது. இன்றைய நிறுவனமொன்றில் பணியாற்றும் இளைஞரை, தனது சுற்றை 4400 சுற்றுக் கணக்குவரை இப்படி எழுத அனுமதிப்பார்களா?

வில்லியம்சன் இந்தத் துறையில் நிலைத்திருக்கவில்லை. எடின்பரோவில் பெரன்ரி நிறுவனத்தில் இயந்திரங்களை எண்களால் கட்டுப்படுத்தும் முறையில் ஈடுபட்டார். பின்னர் தானியங்கித் தொழிற்சாலை பற்றிய சிந்தனைக்காக அறியப்பட்டு, றோயல் சொசைட்டியின் உறுப்பினருமானார். 1992இல் காலமானார்.

வால்வுகளின் இடத்தை ரான்சிஸ்டர்கள் பிடித்த பின்னரும் அவரது அம்பிளிபயர் அளவுகோலாக நீடித்தது. 1969 ஏப்ரலில், அதே சஞ்சிகையில், ஜோன் லின்ஸ்லி ஹூட் பக்கமொன்றுக்கு நான்கே ரான்சிஸ்டர்கள் கொண்ட 10 வாற்று அம்பிளிபயரின் சுற்றை வெளியிட்டார். தமது கருவியின் ஒலியை அவர் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டது 22 ஆண்டுகள் பழைய வில்லியம்சன் அம்பிளிபயரைத்தான். அந்தக் கட்டுரையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பலர் பற்றாசுக்கோலைச் சூடாக்கினர்.