டீக்கடை வாசலில் தம் அடித்தால் குற்றமா? பொது இடத்தில் புகை: சட்டம் சொல்வது என்ன?

மயிலாப்பூர் லஸ் கார்னர், தி.நகர் பஸ் ஸ்டாண்ட், அடையாறு டெப்போ. காலை ஒன்பது மணிக்கு இதில் எங்கே போய் நின்றாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம் டீக்கடை. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் சிகரெட்டோடு நாலைந்து பேர். பத்தடி தள்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். அதில் ஸ்கூல் பிள்ளைகளும் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கும் பெரியவர்களும் உண்டு.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு பிடிங்களேன்" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ரோட்டுலதானேம்மா நிக்கிறேன்?"

இதில் சட்டம் யார் பக்கம்? புகைப்பவருக்கு உரிமையே கிடையாதா? புகைக்காதவருக்கு எந்த அளவுக்குப் பாதுகாப்பு இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

தடை எப்படி வந்தது?

இந்தியாவில் இதற்கு முதலில் வழி காட்டியது கேரளா. 1999 ஜூலையில், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர், தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர்.

அடுத்து 2001 நவம்பர் 2. முரளி தியோரா தொடர்ந்த வழக்கில், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் போன்ற இடங்களில் நாடு முழுக்கப் புகைபிடிக்கத் தடை விதித்தது உச்ச நீதிமன்றம். அரசியலமைப்பின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அப்படியிருக்க, பொது இடத்துக்கு வந்த ஒரே காரணத்துக்காக, புகைக்காத ஒருவர் ஏன் நுரையீரல் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் ஆளாக வேண்டும் என்பதே நீதிமன்றம் எழுப்பிய கேள்வி.

2002-ல் தமிழ்நாடு தனியாகவே புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2003-ல் மத்திய அரசின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. சுருக்கமாக 'கோட்பா'. இதன் 4-வது பிரிவுதான் பொது இடத்தில் புகைக்கத் தடை விதிக்கிறது.

ஆனால் அந்தத் தடைக்கு நிஜமாகவே பல் முளைத்தது 2008 அக்டோபர் 2-ல். அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் காலத்தில் வந்த புதிய விதிகள், ஆபீஸ், மால், தியேட்டர், பார், கேன்டீன் எல்லாவற்றையும் தடைக்குள் கொண்டுவந்தன. ஓட்டல் துறையும் சிகரெட் நிறுவனமும் கோர்ட்டுக்குப் போயின. விதிகளுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எங்கெல்லாம் புகைக்கக் கூடாது?

* மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம்
* தனியார் ஆபீஸ் உட்பட எல்லாப் பணியிடங்களும்
* ஓட்டல், காபி ஷாப், கேன்டீன், பார், கல்யாண மண்டபம்
* மால், தியேட்டர், அரங்கம்
* பஸ், ரயில் போன்ற பொதுப் போக்குவரத்து
* ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாப், ஸ்டேடியம், திறந்தவெளி அரங்கம்

கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்குக் கூரையே இல்லாவிட்டாலும் அது பொது இடம்தான். அங்கே நின்று புகைத்தால் குற்றம்தான்.

இந்த இடங்களை நடத்துபவருக்கும் பொறுப்பு உண்டு. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் 'இங்கே புகைபிடிப்பது குற்றம்' என்று போர்டு வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்ற பெயரும் இருக்க வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துத் தரக் கூடாது. புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தால், அங்கே எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதத்தை அவரே கட்ட வேண்டியிருக்கும்.

அப்போ ரோடு? சிக்கலே இங்கேதான்

கோட்பா சட்டம் 'திறந்தவெளி' என்பதைப் பொது இடத்திலிருந்து விலக்கியிருக்கிறது. 2008 விதிகளோ, மக்கள் வந்துபோகும் பஸ் ஸ்டாப், ரயில் நிலையம் 'போன்ற இடங்கள்' திறந்தவெளிக் கணக்கில் வராது என்கின்றன. அந்தப் 'போன்ற' என்ற வார்த்தைக்குள் எது வரும், எது வராது என்பதில்தான் குழப்பம்.

தி.நகரையே எடுத்துக்கொள்வோம். மாம்பலம் ரயில் நிலையத்தின் பெயர் வகை பட்டியலில் இருக்கிறது. தி.நகர் பஸ் ஸ்டாண்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தோளோடு தோள் உரசி நடக்க வேண்டிய ரங்கநாதன் தெரு? தெரு என்ற வார்த்தையே பட்டியலில் இல்லை. பாண்டி பஜார் நடைபாதை, பெசன்ட் நகர் கடற்கரை, மயிலாப்பூர் மாட வீதிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். மக்கள் கூடும் இடம் என்று வாதிடவும் முடியும், திறந்தவெளி என்று தப்பிக்கவும் முடியும்.

டீக்கடைக்கும் இதே கதை. உள்ளே பெஞ்ச் போட்டு டீ கொடுத்தால் அது சிற்றுண்டி விடுதி, அங்கே புகைக்கக் கூடாது. ஆனால் நம்ம ஊர் டீக்கடையில் பாதிப் பேர் நிற்பது வெளியே, பிளாட்பாரத்தில். கடைக்காரர் கயிற்றில் லைட்டர் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கடை பொது இடம் என்றால் அந்த லைட்டர் தொங்குவதே விதிமீறல்!

விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், சிகரெட் விற்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்கேயும் விற்கக் கூடாது. மயிலாப்பூர் போல இரண்டு தெருவுக்கு ஒரு பள்ளி இருக்கும் பகுதியில் 91 மீட்டர் வட்டங்களை வரைந்து பார்த்தால், மிச்சம் இருக்கும் பெட்டிக்கடைகளை எண்ணிவிடலாம்.

புகைப்பவருக்கு என்ன உரிமை?

இந்தியாவில் சிகரெட் புகைப்பது குற்றமல்ல. 18 வயதான யாரும் வாங்கலாம், சொந்த வீட்டில் புகைக்கலாம். சட்டம் தடுப்பது ஆளை அல்ல, இடத்தை.

"அரசே அனுமதி கொடுத்து விற்கிற பொருள், அதுக்கு வரியும் வாங்குறாங்க. அப்புறம் எங்கதான் போய்ப் பிடிக்கிறது?" என்பது புகைப்பவர்கள் பலரின் கேள்வி. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 30 அறைகள் உள்ள ஹோட்டல், 30 பேர் உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் மட்டும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அந்த அறைக்கு நாலு பக்கமும் முழுச் சுவர் வேண்டும், தானாக மூடும் கதவு வேண்டும், புகை வெளியே போகத் தனி வழி வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு, உள்ளே சாப்பாடோ டீயோ எதுவும் பரிமாறக் கூடாது.

ஆக, ஸ்டார் ஹோட்டலில் தங்குபவருக்குப் புகைக்க ஓர் அறை இருக்கலாம். டெலிவரி பாய்க்கும், ஆட்டோ டிரைவருக்கும், 12 மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டிக்கும் அப்படி ஓர் இடம் இல்லை. ஆபீஸுக்குள் தடை வந்ததும், அங்கே புகைத்தவர்களும் கேட்டைத் தாண்டி பிளாட்பாரத்துக்குத்தான் வந்தார்கள்.

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். ஏசி ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குச் சட்டம் சுத்தமான காற்றைக் கொடுத்துவிட்டது. நாள் முழுக்க டீக்கடையிலேயே நிற்கும் டீ மாஸ்டருக்கும், பிளாட்பாரத்தில் பூ கட்டி விற்கும் அக்காவுக்கும் அது கிடைக்கவில்லை. பஸ் பயணி பத்து நிமிடத்தில் போய்விடுவார். இவர்களால் தள்ளிப் போய் நிற்க முடியாது, பிழைப்பே அங்கேதான்.

பக்கத்தில் நிற்பதால் அவ்வளவு பாதிப்பா?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. வீட்டிலோ பணியிடத்திலோ தொடர்ந்து அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவருக்கு இதய நோய் அபாயம் 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதமும் கூடுகிறது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை சொன்னது. பாதிப்பே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது, ஃபேன் போடுவதாலோ ஜன்னலைத் திறப்பதாலோ அபாயம் முழுமையாகப் போகாது என்பதும் அதே அறிக்கையின் முடிவு.

திறந்தவெளியில் புகை சீக்கிரம் கலைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், காற்று அடிக்கும் திசையில் நிற்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை.

2016-17-ல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் 30.2 சதவீதம் பேர் பணியிடத்திலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். வீட்டில் அப்படிச் சுவாசித்தவர்கள் 38.7 சதவீதம். வீட்டுக்குள் இந்தச் சட்டம் நுழைவதே இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அபராதம் எவ்வளவு? யார் போடலாம்?

அதிகபட்சம் 200 ரூபாய். 2003-ல் நிர்ணயித்த தொகை. எஸ்.ஐ. மற்றும் அதற்கு மேல் உள்ள போலீஸ் அதிகாரிகள், பள்ளி, கல்லூரித் தலைவர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், நூலகர் போன்றவர்களுக்கு அவரவர் எல்லைக்குள் அபராதம் விதிக்கும் அதிகாரம் உண்டு. ரயிலில் புகைத்தால் ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவும் பாயும்.

பக்கத்து மாநிலமான கர்நாடகா 2025-ல் பொது இட அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியது, வாங்கும் வயதையும் 21 ஆக்கியது. தமிழ்நாடு 2022-ல் சட்டப்பேரவையில் கோட்பா திருத்த மசோதாவை நிறைவேற்றி, ஹூக்கா பார்களுக்குத் தடை கொண்டுவந்தது. இ-சிகரெட் விற்பனைக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

மற்ற நாடுகளில் தெருவை எப்படிக் கையாண்டார்கள்?

நம்மவர்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூரே நல்ல உதாரணம். 2019 ஜனவரி 1 முதல், அங்கே கடைவீதியான ஆர்ச்சர்ட் ரோடு பகுதி முழுக்கப் புகைக்கத் தடை. ஆனால் அந்தப் பகுதிக்குள்ளேயே புகைப்பவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி, போர்டும் வைத்தார்கள். எங்கே கூடாது என்பதோடு, எங்கே போகலாம் என்பதையும் சொன்னார்கள்.

ஜப்பானில் டோக்கியோவின் சியோடா வார்டு 2002-லேயே தெருவில் புகைக்கத் தடை கொண்டுவந்தது. பாண்டி பஜாருக்கோ ரங்கநாதன் தெருவுக்கோ இப்படி ஒரு தெளிவான எல்லைக்கோடு வந்தால், பஸ் ஸ்டாப் சண்டைகளில் பாதி குறையும். கடைக்காரருக்கும், புகைப்பவருக்கும், போலீஸுக்கும் எது சரி என்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஒருவர் புகைத்தால் என்ன செய்யலாம்?

* முதலில் பொறுமையாகக் கேட்கலாம். பஸ் ஸ்டாப், ஓட்டல், ஆபீஸ் என்றால் சட்டம் உங்கள் பக்கம்.
* கட்டடத்துக்குள் என்றால் போர்டில் பெயர் உள்ள பொறுப்பாளரிடம் சொல்லலாம். நடவடிக்கை எடுப்பது அவர் கடமை.
* பஸ் ஸ்டாண்டில், தெருவில் என்றால் போலீஸிடம் சொல்லலாம். பொதுமக்கள் யாரும் அபராதம் கேட்கவோ, சிகரெட்டைப் பிடுங்கவோ முடியாது.
* புகைப்பவராக இருந்தால், பஸ் ஸ்டாப்பையும் கூட்டத்தையும் விட்டு நகர்ந்து நிற்பது நல்லது. பஸ் ஸ்டாப்பில் அது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

விட நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் கட்டணமில்லாத தேசிய உதவி எண். தென் சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே உதவி உண்டு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புகையிலையை விடுவதற்கான ஆலோசனை மையத்தை 2002-லேயே தொடங்கிவிட்டது. அடையாறு டெப்போ டீக்கடையிலிருந்து கொஞ்ச தூரம்தான்.