இரு நதிகளுக்கிடையே ஒரு கோட்டை

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலேறிச் செல்லும் தமிழர் பலருக்கு ராய்ச்சூர் என்பது வழியில் வரும் ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. தெற்கே துங்கபத்திரைப் பாலத்தைக் கடந்தபின், வடக்கே கிருஷ்ணைப் பாலத்தை அடையுமுன் வண்டி அங்கே நிற்கும். அவ்விரு பாலங்களுக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தை ஆளும் பொருட்டே தக்காணத்து அரசுகள் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. நிலத்தின் திறவுகோலாக விளங்கியது ராய்ச்சூர்க் கோட்டை.

கோட்டையின் உள்மதில் காகதீயர் காலத்தது. 1294-ஆம் ஆண்டில் அது எழுப்பப்பெற்ற செய்தியை, ஏறத்தாழ 41 அடி நீளமுள்ள ஒரே கல்லில் பொறித்திருக்கின்றனர். அக்கல்லை வண்டியிலேற்றி, கால்நடைகளைப் பூட்டி, ஆட்கள் சூழ்ந்து கொணரும் காட்சியும் மதிலில் கோட்டுச் சித்திரமாகக் காணப்படுகிறது.

காகதீயர் ஆட்சி 1323-இல் முடிவுற்றது. பின்னர்த் தெற்கே 1336-இல் விஜயநகரமும், வடக்கே 1347-இல் பாமினி அரசும் தோன்றின. இரண்டுக்கும் இந்நிலமே எல்லை. ஆதலால் இதுவே போர்க்களமும் ஆயிற்று. பாமினி அரசு சிதறியபின் பீஜப்பூர்ச் சுல்தான்கள் அப்பகையை ஏற்றுக்கொண்டனர்.

1520-இல் கிருஷ்ணதேவராயர் கோட்டையை முற்றுகையிட்டார். அதனை மீட்கக் கிருஷ்ணையைக் கடந்து வந்த இஸ்மாயில் அடில் ஷா தோற்றுத் திரும்பினார். குதிரை வாணிபத்தின் பொருட்டு வந்திருந்த போர்த்துகீசியர் சிலர், மதில்மேல் நின்ற காவலரைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி ராயருக்கு உதவினர். கோட்டை பணிந்தபின், ஊர்மக்களின் உடைமைக்குத் தீங்கு நேராதவாறு ராயர் காத்தார் என்று நூனிஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிவைத்துள்ளார்.

எனினும் வெற்றி நிலைக்கவில்லை. ராயர் 1529-இல் மறைந்தபின் கோட்டை மீண்டும் பீஜப்பூரின் கைக்குப் போயிற்று. 1565-இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரத்தின் வலிமையும் ஒடுங்கியது. 1686-இல் பீஜப்பூர் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. பின்னர் நிலம் ஹைதராபாத் நிஜாமின் வசமாயிற்று. 1853-இல் படைச் செலவுப் பாக்கிக்காக ஆங்கிலக் கம்பெனி அதனை எழுதி வாங்கிக்கொண்டது. 1860-இல் நிஜாமுக்கே திரும்பக் கிடைத்தது. இம்முறை கை மாறியது வாளால் அன்று, கடன் கணக்கால்!

1871-இல் மும்பையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில்தான் இணைந்தன. நெடுங்காலம் மக்களைப் பிரித்த எல்லை, அன்று அவர்களைச் சேர்க்கும் சந்திப்பாயிற்று. 1948-இல் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ராய்ச்சூர் மைசூர் மாநிலத்தின் பகுதியாயிற்று. அம்மாநிலமே 1973-இல் கர்நாடகம் என்னும் பெயர் பெற்றது. இவ்வெல்லை மாற்றத்துக்கு ஒரு முற்றுகையும் வேண்டியிருக்கவில்லை.

கோட்டையை வென்றோர் பலர். அதனைத் தம்முடையது என்று கடைசிவரை வைத்துக்கொண்டோர் எவருமிலர். ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கல்வெட்டுப் பொறித்துச் சென்றனர். முன்னவர் எழுப்பிய உள்மதிலை இடித்துத் தள்ளாமல், அதனைச் சூழ வெளிமதில் ஒன்றைக் கட்டினர் பீஜப்பூரார். அவ்வாறே பெயரறியா உழைப்பாளிகள் இழுத்துவந்த அந்த நெடுங்கல், எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கியதைக் கண்டு, இன்றும் தன் இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, இரு பாலங்களுக்கு இடையே சற்று விழித்திருந்து பாருங்கள்.