நீலன் திருச்செல்வம்: சமரசத்தைப் படித்த சட்ட அறிஞர்

நீலன் திருச்செல்வம் (1944–1999) இலங்கைத் தமிழ்ச் சட்ட அறிஞர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் சட்டம் பயின்றவர்.

அவர் முதலில் ஆராய்ந்தது பெரிய அரசியல் அல்ல, ஊர் வழக்குகள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் இணக்க சபைகள் இயங்கின. சிறு வழக்குகள் நீதிமன்றம் போகும் முன் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. நம் கொங்குப் பகுதி ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு ஓரளவு விளங்கும்; ஆனால் இணக்க சபை சட்டத்தால் அமைந்தது, சாதிக் கட்டுப்பாட்டால் அல்ல. இத்தகைய மக்கள் நீதி குறித்த அவரது ஆய்வு நூல் 1984இல் வெளிவந்தது.

ஊரில் இருவரை இணங்க வைக்கலாம், இரண்டு இனங்களை எப்படி? இந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே இருந்தது. தந்தை மு. திருச்செல்வம் 1965இல் டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சரானார். வாக்களிக்கப்பட்ட மாவட்ட சபைகள் வரவில்லை. 1968இல் பதவி விலகினார். பின்னர் 1979இல் அமைந்த மாவட்ட அபிவிருத்தி சபைகள் பற்றிய ஆணைக்குழுவில் மகன் உறுப்பினரானார். அச்சபைகளுக்கான 1981ஆம் ஆண்டுத் தேர்தலின்போதுதான் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது.

1982இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தை உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய அந்நிலையத்தில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து ஆய்வு செய்தனர். இனப்பிரச்சினையை அறிவுத் துறையாகப் படிக்க ஓர் இடம் உண்டாக்கியதே அவருடைய பெரிய பணி என்பது என் கருத்து. பதவிகள் பிறகு வந்தவை.

1994இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் சென்றார். சட்டப் பேராசிரியராயிருந்து அமைச்சரான ஜி. எல். பீரிஸுடன் சேர்ந்து அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வரைந்தார். 1995 ஆகஸ்டில் வெளியான அத்திட்டம் இலங்கையைப் பிராந்தியங்களின் ஒன்றியம் என வகுத்தது. சிங்களத் தேசியவாதிகளுக்கு அது நாட்டைப் பிரிக்கும் சூழ்ச்சி. விடுதலைப் புலிகளுக்கு அதை எழுதியவர் துரோகி. கல்வியாளர் ஒருவர் நடுவில் நின்றால் இரு பக்கமும் அடி விழும்.

1999 ஜூலை 29 காலை, கொழும்பில் வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் வழியில் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதைச் செய்தனர் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 55.

அவர் உழைத்த சீர்திருத்தம், பல இடங்களில் நீர்த்துப்போன வடிவில், 2000 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே அதன் பிரதிகளை எரித்தனர். மசோதா கைவிடப்பட்டது.