மாஞ்சோலை: லயன் வீட்டுக் குளிரிலிருந்து மாடி வீட்டு வெக்கைக்கு

மாஞ்சோலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் அதன் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். நாம் கூலியைப் பற்றியும் 1999 ஜூலை 23 பற்றியும் பேசுவோம். அந்தக் குளிருக்குள்ளேயே ஓர் உரிமைப் பிரச்சினை இருந்தது. அதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எஸ்டேட்டுகள் உருவாயின. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. அந்த மழையில் குடியிருக்கக் கிடைத்தது லயன் வீடு.

தோட்டத் தொழிலில் லயன் வீடு எங்கும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். நீளமான கட்டடம், நடுநடுவே தடுப்புச் சுவர், குடும்பத்துக்கு ஓர் அறையும் சமையற்கட்டும், மேலே பெரும்பாலும் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மெல்லிய ஷீட் தெளிந்த இரவில் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் அதில் பட்டு நீராகிச் சொட்டும். மழையில் ஊறிய சுவர், உலர்ந்த சுவரைவிட வேகமாக வீட்டின் சூட்டை வெளியே கடத்தும். மிஞ்சியிருப்பது விறகடுப்பின் சூடு. அதன் புகை போய்ச் சேர்வது பெண்கள், குழந்தைகள் நெஞ்சுக்குள்.

இதே தொழிலில் தேயிலை ஆலைக்குள் போய்ப் பாருங்கள். இலையை வாட்ட அளவாகக் காற்று ஊதுவார்கள். நொதிக்கும் அறையைக் குளிர்ச்சியாக வைத்து, ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் நிறுத்துவார்கள். அதைக் கண்காணிக்க வெப்பமானி இருக்கும். இலை கெட்டால் விலை போய்விடும் அல்லவா! அந்த இலையைப் பறித்தவரின் வீட்டில் எத்தனை டிகிரி என்பது யாருடைய கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இது மாஞ்சோலையோடு முடியும் கதை அல்ல. நவீன குளிர்பதனம் பிறந்ததே பொருளைக் காப்பாற்றத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் உப்பி, வண்ணங்கள் விலகி விழுந்தன. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் தன் கருவியை வடிவமைத்தார். மனிதருக்கான வசதி பிறகுதான் வந்தது, அதுவும் காசு உள்ளவர்களுக்கு.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சொந்தமில்லாத கூரைக்கு அடியில் கைக்காசு போட்டு யார் பலகை அடிப்பார்கள்? நிலவுரிமை இல்லாதவருக்குத் தன் வீட்டுக் குளிரைச் சரிசெய்யும் உரிமையும் இல்லை.

கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் நெல்லைக்கு ஊர்வலம் போனபோது காவல்துறையின் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின், 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை நிறுவனம் வெளியேற்றத் தொடங்கியது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. மாற்றாக அரசு காட்டியவற்றில் ஒன்று ரெட்டியார்பட்டியின் அடுக்குமாடிக் குடியிருப்பு.

உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் வெப்பம் சுமார் 6 டிகிரி கூடும். மொட்டைக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அதை வீட்டுக்குள் கக்கும். மேல்மாடிக்காரர் பாடு இன்னும் மோசம். மலையில் விறகு எரித்துச் சமாளித்தவர்கள் கீழே மின்கட்டணம் கட்டிச் சமாளிக்க வேண்டும், நிரந்தர வேலை இல்லாமல்.

"போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். அறிவியல் சொல்வது வேறு. டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட வெப்ப வசதிச் சூத்திரம், ஆய்வுக்கூட அறைகளில் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து எடுத்த கணக்கு. பின்னர் ஃபெர்கஸ் நிக்கல் ரூர்க்கி, பாக்தாத் மக்களின் அனுபவப் பதிவுகளை ஆராய்ந்தார். அவரும் மைக்கேல் ஹம்ஃப்ரீஸும் வளர்த்த கருத்து இதுதான்: மனிதர் வெப்பத்துக்குத் தகவமைந்துகொள்வார், ஆனால் அதற்கு வழி இருக்க வேண்டும். திறக்கும் ஜன்னல், எதிரெதிர்க் காற்றோட்டம், மின்விசிறி, நிழலான திண்ணை. இவற்றைக் கொடுக்காமல் பழகச் சொல்வது, "அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்ற பழைய சாதிப் பேச்சின் இன்னொரு வடிவம்.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசு 2018-இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சட்டகம், கூரை வழியே வெப்பம் புகுவதற்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. மேல்பூச்சு எதுவும் இல்லாத 15 செ.மீ. கான்கிரீட் தளம் அந்த வரம்பை இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டும். தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்படியானால் மறுவாழ்வு வீடுகளின் கூரையில் தட்டோடோ வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சோ இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

தோழர்களே, ஒரு சாதாரண வெப்பமானியும் நோட்டுப் புத்தகமும் போதும். அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடு மேல்மாடி, கீழ்மாடி வீடுகளில் மதியம் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் சித்திரை, வைகாசி முழுக்கக் குறித்து வையுங்கள். மின்கட்டணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இலைக்கு 90 ஆண்டுக்கும் மேல் எடுத்த கணக்கை, இனி மனிதருக்கு நாம் எடுப்போம். மனுவோடு அந்த நோட்டையும் ஆட்சியர் மேசையில் வைப்போம்.