மெல்லிசைக் குழுக்களும் மின்கிட்டாரும்: கடலூர் – சிதம்பரம் வட்டாரம்

மின்கிட்டார் என்பது உலோகக் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருளின் வழியே மின்னலையாக மாற்றி, ஆம்ப்ளிபயர் மூலம் ஒலிக்கச் செய்யும் நரம்பிசைக் கருவி. வீணைக்குக் குடம் உண்டு, சாதாரண கிட்டாருக்கு உள்ளீடற்ற மரப்பெட்டி உண்டு. பெரும்பாலான மின்கிட்டார்களின் உடலோ வெறும் மரப்பலகை. ஒயரைப் பிடுங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஆகவே மின்கிட்டார் வாங்குகிறவர் கிட்டாரோடு நிற்க முடியாது. ஆம்ப்ளிபயர், ஒயர், ஒலியை மாற்றும் பெடல்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். தமிழகத்துச் சிற்றூர் இசைக்கலைஞர்கள் இந்தப் பட்டியலை எப்படி நிறைவேற்றிக்கொண்டார்கள் என்பதை, குறிஞ்சிப்பாடியை நடுவில் வைத்து இக்கட்டுரை கூறுகிறது.

ஊரும் மேடையும்

குறிஞ்சிப்பாடி, கடலூர் – விருத்தாசலம் இருப்புப்பாதையில் உள்ள நெசவாளர் ஊர். கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. அடுத்து வள்ளலாரின் வடலூர், அதை அடுத்து 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நெய்வேலி. தெற்கே சிதம்பரம். அங்கே 1929இலேயே அண்ணாமலையில் இசைக்கல்லூரி எழுந்துவிட்டது. வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் கற்க அது பேரிடம். கிட்டார் கற்க விரும்பியவருக்கு அந்த வாசல் பயன்படவில்லை. அவர்கள் தேவாலயப் பாடகர் குழுவிலோ, நெய்வேலிக் குடியிருப்பில் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்த்தவர்களிடமோ, பெரும்பாலும் ரேடியோவைக் கேட்டு ஒவ்வொரு கம்பியாகத் தடவியோதான் கற்றார்கள்.

எழுபதுகளில் தொடங்கி தொண்ணூறுகள் வரை தீமிதி, தேர், கோயில் திருவிழா என்றால் இரவு ஒன்பது மணிக்குமேல் இன்னிசைக் கச்சேரி கட்டாயம். சுவரொட்டியில் 'இன்னிசை மழை' என்று இருக்கும். பேச்சில் எல்லோரும் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்பார்கள். கூட்டத்தின் காதுக்கு அளவுகோல் இலங்கை வானொலி. அங்கே கேட்டது போலவே இங்கேயும் இருக்க வேண்டும். பாடகர் சற்றுப் பிசகினால் பொறுத்துக்கொள்வார்கள். முகப்பு இசையில் வரும் கிட்டார் துண்டு வராவிட்டால் விசில் பறக்கும், அதுவும் பாராட்டு விசில் அல்ல.

அந்தக் காலத்துத் திரையிசையோ கிட்டார் நிறைந்தது. இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறியவர். 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். அவருடைய குழுவில் சதானந்தம், ஆர். சந்திரசேகர் ஆகியோர் கிட்டாரும் சசிதரன் பேஸ் கிட்டாரும் வாசித்தனர். 'மூடுபனி' (1980) படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாருடன் பாடும் காட்சியும், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப் பாடல்களும் வந்த பிறகு கையில் கிட்டார் இல்லாத குழுவை யாரும் குழுவாகவே எண்ணவில்லை.

ஒலி மாற்றிகள் செய்வது என்ன?

மின்கிட்டார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. இன்றும் எல்லோரும் ஆசைப்படும் மூன்று வடிவங்கள் அடுத்தடுத்த சில ஆண்டுகளில் வந்தவை: பெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் (1951), கிப்சனின் லெஸ் பால் (1952), மீண்டும் பெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954).

ஒலி மாற்றிகளில் முக்கியமானது 'பஸ்', 'டிஸ்டார்ஷன்' எனப்படும் கரகரப்பு. ஒரு ஆம்ப்ளிபயரால் தாங்க முடியாத அளவு மின்னலையைச் செலுத்தினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தட்டையான அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். காதுக்கு அது உறுமலாகக் கேட்கும். ஒலிப்பொறியாளர் இதைக் குற்றம் என்பார். நாஷ்வில் நகரில் ஒரு பதிவின்போது பழுதான கருவி ஒன்று இப்படி உறும, அதை அப்படியே இசைத்தட்டில் விட்டுவிட்டார்கள். அதே உறுமலை வேண்டும்போது காலால் மிதித்து வரவழைக்க மேஸ்ட்ரோ நிறுவனத்தின் பஸ் பெடல் 1962இல் கடைக்கு வந்தது. குற்றம் சரக்கானது.

'எக்கோ' என்பது வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்கச் செய்வது. முதலில் சுழலும் ஒலிநாடாவில் பதிந்து, அடுத்த தலைமுனையில் வாசிக்க விட்டுச் செய்தார்கள். ரோலண்ட் நிறுவனத்தின் ஸ்பேஸ் எக்கோ (1974) இவ்வகை. 'வா-வா' பெடல் ஒலியின் ஒரு பகுதியை மட்டும் உயர்த்தி, அந்தப் பகுதியைக் காலால் மேலும் கீழும் நகர்த்துவது. வாயைக் குவித்து விரித்து 'வா' என்று சொல்வது போன்ற வேலைதான். 1977இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் உள்ளங்கை அளவுப் பெடல்களை வெளியிடத் தொடங்கியது. மறு ஆண்டு வந்த ஆரஞ்சு நிற 'டிஎஸ்-1' இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

கிடைத்ததும் கிடைக்காததும்

சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருந்தது. 1842இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய கடை. டிரினிட்டி தேர்வுகளையும் நடத்துவது. குறிஞ்சிப்பாடியிலிருந்து போய் அதன் கண்ணாடிக்கு வெளியே நின்று திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். 1991க்கு முன் வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், நுகர்பொருளுக்கு அது கிடைப்பது அரிது, சுங்கவரியோ மலைபோல. எஞ்சிய கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் நீங்கின. அரசுக்கு அன்று அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு உண்மையிலேயே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இசைக்கலைஞனின் தொழிற்கருவியையும் வாசனைத் திரவியத்தையும் ஒரே தட்டில் வைத்தது சரியா என்று இன்றும் தோன்றுகிறது. தறி வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்த ஊரில் கிட்டார் வாங்கக் கடன் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரேசில் நாட்டு ஈட்டி மரம் அருகியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது; மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மரம் கப்பலேறி, கிட்டாரின் உடலாகவும் விரற்பலகையாகவும் ஆகி உலகம் சுற்றியது. அந்த மரம் வளர்ந்த மாநிலத்துப் பையனால்தான் அந்தக் கிட்டாரைத் தொட முடியவில்லை.

ஆகவே மாற்று வழிகள். கிட்டாருக்குக் கொல்கத்தாவின் கிவ்சன், ஹாப்னர் போன்ற தயாரிப்புகள். பெயரைக் கேட்டாலே ஆசை எங்கே இருந்தது என்பது விளங்கும். கம்பி சற்று உயரமாக இருக்கும், விரல் நுனி காய்த்துப்போகும். ஆனாலும் இவை இல்லையேல் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை கிட்டாரே கற்றிருக்காது. கேலி செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆம்ப்ளிபயருக்கு மைக்செட்காரரின் அகுஜாதான். அதில் இணைத்த கூம்பு ஒலிபெருக்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது; அடிச்சுரமும் உச்சிச்சுரமும் அதில் ஏறாது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் வாசிப்பதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பெடலுக்கு வழி ரேடியோ மெக்கானிக். அக்கால டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் 'ஏசி 128' என்னும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பரவலாக இருந்தது. அதில் இரண்டும், சில ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் இருந்தால் பஸ் பெடல் ஆகிவிடும். மேலைநாட்டுப் புகழ்பெற்ற பெடல்களின் சுற்றும் ஏறத்தாழ அதுவே. சோப்பு டப்பாவுக்குள் கட்டிய அப்படிப்பட்ட ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெயிலில் வைத்தால் சுருதியே மாறியது போல உறுமும். ஜெர்மானியம் வெப்பத்துக்கு அவ்வளவு கூச்சப்படும் பொருள்.

மூன்றாவது வழி உறவினர். சென்னையில் 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக அமைந்த பர்மா பஜாரிலும் சில பொருள்கள் கிடைத்தன. ஆனால் நம்பிக்கையான வழி வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள மாமனோ மச்சானோதான். என்னிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன், பிற்பாடு குழுவில் கிட்டார் வாசித்தவன், சவுதியில் இருந்த தன் மாமாவுக்கு எழுத வேண்டும் என்று வந்தான். "சார், பேர் தப்பில்லாம இங்கிலீசுல எழுதித் தாங்க" என்றான். எழுதித் தந்தேன். மாமா சரியான பெடலையே வாங்கி வந்தார். கூடவே அந்நாட்டு அடாப்டர். அங்கே அப்போது வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம். இங்கே 230இல் செருகியதும் புகைந்துவிட்டது. எழுதிக் கொடுத்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நல்ல வேளை, அத்தகைய பெடல் 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். ஒயரைச் செருகினாலே பேட்டரி செலவாகத் தொடங்கும் என்பது இரண்டு பேட்டரி வீணான பிறகுதான் புரிந்தது. அந்தப் பெடலுக்காக அந்த வீட்டில் ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை என்று அவன் அம்மா பின்னர் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

கீபோர்டு வந்தபின்

1983இல் யமஹா டிஎக்ஸ்7, 1985இல் ரோலண்ட் ஆக்டபேட் ஆகியவை வந்தன. சில ஆண்டுகளில் இவ்வகைக் கருவிகள் நம் மேடைகளுக்கும் இறங்கின. 1992இல் 'ரோஜா'வுக்குப் பின் திரையிசையின் ஒலியே மாறியது. ஒரே கீபோர்டில் வயலின், புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் இருக்க, ஐந்து பேருக்குப் பணம் தர விழாக்குழு ஏன் சம்மதிக்கும்? குழுக்களில் முதலில் போனவர்கள் வயலின்காரர்கள், அடுத்து கிட்டார்காரர்கள். பலர் தறிக்கே திரும்பினார்கள்.

விந்தை என்னவென்றால், கருவி கிடைக்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1996இல் ஜப்பானின் சூம் 505 வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஒலி மாற்றங்கள் ஒரே பெட்டியில். கடன் வாங்கியாவது எட்டிவிடலாம் என்ற விலைக்கு அது நம் ஊர்களுக்கும் வந்தது. 2019இல் யமஹா சென்னை அருகிலேயே தொழிற்சாலை தொடங்கியது. கர்நாடக இசையிலும் யு. சீனிவாஸ் மின் மேண்டலினில் இரட்டைக் கம்பிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டி வழி காட்டியிருந்தார். இராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா மின்கிட்டாரிலேயே கச்சேரி செய்து நிலைநாட்டினார். இருவருக்கும் கமகம் நீள்வதற்கு மின்பெருக்கமே துணை.

இன்றைய இளைஞர்கள் கூடினால் எந்தப் பெடல், எந்த மாடல் என்பதே பேச்சு. என் கருத்தைக் கேட்டால், நல்ல கம்பியும் நல்ல ஆம்ப்ளிபயரும் முதலில், பெடல் கடைசியில். கேட்கமாட்டார்கள்.

எர்த்

வாங்கும் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிபயரின் எர்த்துடன் இணைந்தவை. மைக் வேறொரு கருவியின் எர்த்துடன் இணைந்தது. இரண்டில் ஒன்று பழுதாக இருந்தால், கம்பியில் கைவைத்து மைக்கில் உதடு வைப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மைக்கைத் தொட்டு இறந்தது இப்படித்தான். நம் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர், தற்காலிக ஒயர், ஈர மண் எல்லாம் ஒன்றாக இருக்கும். உறுமல் சத்தத்தை நிறுத்த மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடும் வழக்கமும் உண்டு. 'சுள்'ளென்று உதட்டில் அடிபடாத பழைய கிட்டார்காரர் இந்த வட்டாரத்தில் குறைவு.

கிட்டார் ஆம்ப்ளிபயர், மைக் ஆம்ப்ளிபயர் இரண்டையும் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து எடுக்க வேண்டும். எர்த் முனையை ஒடிக்கக் கூடாது. பாடுவதற்கு முன் மைக்கின் உலோக வலையை டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் பாட்டை நிறுத்திவிட்டு மைக்செட்காரரைக் கூப்பிட வேண்டும். கூட்டம் கூச்சலிட்டாலும் சரி. டெஸ்டர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.