நீக்கும் சொட்டும் சேர்க்கும் சொட்டும்

லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலரான ராபர்ட் வாரிங்டன், 1849ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் பரப்பி, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியபோது அவர் சேர்த்தவை சில நத்தைகள் மட்டுமே. அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. மருந்தும் உரமும் இன்றி அத்தொட்டி நிலைத்ததற்கு அந்த ஊற்றுநீரும் சேறுமே பெரிதும் துணைநின்றன என்று கருதலாம்.

குழாய்நீர் வந்தபின் நிலை மாறியது. டைபாய்டைத் தடுக்க இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905இலும், அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908இலும் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கப்பட்டது. மனிதரைக் காத்த அதே குளோரின் மீனின் செவுளை அரித்தது. நீரை ஓரிரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கும் வழக்கத்தோடு, புகைப்படக்காரர்கள் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், மீன் வளர்ப்போர் கைக்கும் வந்தது. தமிழகக் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என விற்கப்படும் சொட்டுமருந்து அதன் வழிவந்ததே. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமினோ எளிதில் ஆவியாகிப் போவதில்லை. ஹைப்போ அதை உடைத்தாலும் அம்மோனியா எஞ்சும் என்பதால், அதையும் கட்டுப்படுத்தும் நீர்ப்பக்குவிகள் பின்னர் உருவாயின.

சேற்றின் இடத்தைக் கழுவிய சரளைக்கல் பிடித்தபோது செடிகள் பட்டினி கிடந்தன. நரம்பு பச்சையாக நிற்க, இளந்தளிர் வெளுப்பது இரும்புக் குறையின் அடையாளம். வெறும் இரும்பு உப்பு ஆக்சிஜன் மிகுந்த நீரில் துருவாகிப் படிந்துவிடுவதால், 1930களில் ஜெர்மனியில் உருவான ஈடிடிஏ போன்ற சேர்மங்களில் அது பிணைத்துத் தரப்பட்டது. இவ்வகைப் பிணைப்புக்குக் ‘கிலேட்’ என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

சில நீர்ப்பக்குவிகளிலும் இதே கொடுக்கு உண்டு என்பதே இவ்வரலாற்றின் மிக நுட்பமான இடம்: உரத்தில் அது இரும்பைச் செடிக்காகக் காக்கிறது, பக்குவியில் செம்பையும் ஈயத்தையும் மீனுக்காகச் சிறைப்பிடிக்கிறது. செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிதளவில் செடிக்கும் வேண்டியவை ஆகையால், பக்குவியையும் உரத்தையும் ஒரே வாளியில் ஒருசேரக் கலப்பது முறையன்று. புதுநீரில் முதலில் பக்குவியைக் கலந்து தொட்டியில் ஊற்றி, உரத்தைப் பின்னர் தனியே இடுவதே தக்கது.